பீடைகொல்லி இறக்குமதி விதிகள்: மன்னார்க் கமக்காரர் அறிய வேண்டியவை

பயிரைப் பீடைகளினின்றும் காத்தல் கமத்தொழிலின் இன்றியமையாத பகுதியாகும். விதைப்பு நாள் தொட்டு அறுவடை நாள் வரை, தண்டு துளைப்பான், இலைசுருட்டி, கபிலநிறத் தத்தி முதலியவை நெற்பயிரைத் தாக்குகின்றன. அழுக்கணவன், வெண் ஈ, பழ ஈ, காய் துளைக்கும் புழு முதலியவை கத்தரி, மிளகாய், வெண்டி, பாகல் ஆகிய மரக்கறிப் பயிர்களுக்குக் கேடு விளைக்கின்றன. கோரையும் புல்லும் பயிருக்குரிய உரத்தையும் நீரையும் கவர்ந்து கொள்கின்றன. இவற்றை ஒழிக்கவெனக் கமக்காரர் கையாளும் மருந்துகளைப் பொதுவாகப் பீடைகொல்லிகள் என்பர். பூச்சிகொல்லி, களைகொல்லி, பங்கசுகொல்லி, எலிகொல்லி ஆகிய யாவும் இப்பெயருள் அடங்கும்.

மருந்து என்று வழங்கப்பெறினும் இவை நஞ்சுகளே. பூச்சியைக் கொல்லும் பொருள், அளவு மிகுந்தவிடத்து மனிதனையும் மாட்டையும் மீனையும் கொல்லவல்லது. ஆதலின், எந்த நஞ்சு நாட்டினுள் வரலாம், யார் கொண்டுவரலாம், எவ்வாறு விற்கலாம் என்பன சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளன. அவ்விதிகள் இறக்குமதி வணிகருக்கே உரியன, வயலில் நிற்கும் கமக்காரனுக்கு அவற்றால் ஆவதொன்றில்லை என்று எண்ணுதல் தவறாகும். சிறப்பாக, கடல் சூழ்ந்த மன்னார்ப் பகுதியில் வாழ்வோர் இவ்விதிகளை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

மன்னார் ஏன் சிறப்பாகக் கருதத்தக்கது?

இலங்கையில் பயன்படும் பீடைகொல்லிகளின் செயற்படு பொருள்கள் பிறநாடுகளிலிருந்தே வருகின்றன. முறைப்படி வருபவை துறைமுகத்திற் சுங்கப் பகுதியினரின் கண்காணிப்பினூடாக வருகின்றன. முறை தவறி வருபவையோ கரையோரத்து மணலில் இரவோடிரவாக இறக்கப்படுகின்றன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமே உடையது. மன்னார் நகருக்கு அணித்தாயுள்ள கீரி போன்ற ஊர்களின் கரை, வள்ளங்கள் எளிதில் ஒதுங்கத்தக்க தாழ்ந்த மணற்கரையாகும். மீன்பிடித் தொழிலுக்கு வாய்ப்பான இவ்வியல்பே கள்ளக் கடத்தலுக்கும் இடந்தருகின்றது. மன்னார், புத்தளம் ஆகிய மாவட்டங்களின் கரையோரங்களில், கடல்வழியே கொண்டுவரப்பட்ட களைகொல்லிகளையும் பூச்சிகொல்லிகளையும் கடற்படையினர் அண்மை ஆண்டுகளிற் பலமுறை கைப்பற்றியுள்ளனர்.

இப்போத்தல்களும் பொதிகளும் கரையிலேயே நின்றுவிடுவதில்லை. தீவின் வீட்டுத் தோட்டங்களுக்கும், பாலத்தைக் கடந்து கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்களுக்கும், நானாட்டான், முருங்கன், உயிலங்குளம், அடம்பன் முதலிய இடங்களுக்கும் அவை சென்று சேரக்கூடும். விலை குறைவாயிருத்தலாற் சிலர் அவற்றை விரும்பி வாங்குகின்றனர். அவ்விலைக் குறைவின் உண்மை விலை யாது என்பதை ஆராய்தல் நன்று.

சட்டம் தோன்றிய வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் டீ.டீ.ரீ., என்டிரின், பரதியன் முதலிய செயற்கை நஞ்சுகள் உலகெங்கும் பரவின. அவற்றின் ஆற்றலை மக்கள் வியந்தனரேயன்றி, அவற்றின் கேட்டினை முதலில் உணர்ந்தாரிலர். 1958-ஆம் ஆண்டிற் கேரளத்தில் நிகழ்ந்த கொடுமை பலர் கண்களைத் திறந்தது. கப்பலொன்றிற் கோதுமை மாவும் சீனியும் பரதியன் நஞ்சுடன் ஒருங்கே ஏற்றப்பட்டமையால், ஒழுகிய நஞ்சு உணவிற் கலந்தது. அவ்வுணவை உண்டோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நிகழ்ச்சியை ஆராயக் குழு அமைக்கப்பட்டது. பின்னர் 1968-ஆம் ஆண்டில் இந்தியாவிற் பூச்சிகொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. நஞ்சினை இறக்குமதி செய்தல், ஏற்றுதல், சேமித்தல் ஆகிய ஒவ்வொரு படியிலும் விதி வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி ஐயமற நிறுவியது.

இலங்கையில் என்டிரின் 1970-ஆம் ஆண்டிலும், டீ.டீ.ரீ. 1976-ஆம் ஆண்டிலும் விலக்கப்பட்டன. எனினும் தனிச் சட்டமொன்று 1980-ஆம் ஆண்டிலேயே உருவாயிற்று. அதுவே 1980-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டமாகும். இச்சட்டத்தின்படி பீடைகொல்லிகள் பதிவாளர் என்னும் அலுவலர் நியமிக்கப்பட்டார். அவரது அலுவலகம் விவசாயத் திணைக்களத்தைச் சார்ந்து பேராதனைக்கு அருகே கெட்டம்பையில் இயங்குகின்றது. துறைசார் அறிஞரைக் கொண்ட குழுவொன்று அவருக்கு ஆலோசனை கூறுகின்றது.

இச்சட்டத்தின் மூலவிதி மிக எளிது. பதிவு செய்யப்படாத எப்பீடைகொல்லியையும் எவரும் இறக்குமதி செய்தலும், பொதி செய்தலும், சேமித்தலும், விற்றலும், பயன்படுத்தலும் ஆகா. இறுதியிற் கூறப்பட்ட "பயன்படுத்தல்" என்னும் சொல்லைக் கமக்காரர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கடத்தியவன் மட்டுமன்றி, அறிந்து தெளிப்பவனும் சட்டத்தின் பிடிக்குள் வருகின்றான்.

ஒரு மருந்து நாட்டினுள் நுழையும் படிகள்

முறைப்படி வரும் ஒரு போத்தல் கடையின் தட்டினை அடையுமுன் பல வாயில்களைக் கடந்து வருகின்றது. அவை பின்வருமாறு:

முதலாவது, விண்ணப்பம். இறக்குமதி செய்ய விரும்பும் நிறுவனம் மருந்தின் வேதியியல் இயல்பு, அதனை ஆக்குவோர், அதிலுள்ள கலப்புப் பொருள்கள், உயிர்களுக்கு அது விளைக்கும் நஞ்சின் அளவு, மண்ணிலும் நீரிலும் விளைபொருளிலும் அது எஞ்சி நிற்கும் காலம் ஆகிய விவரங்களைப் பதிவாளருக்குச் சமர்ப்பித்தல் வேண்டும்.

இரண்டாவது, பரிசோதனை. வேற்றுநாட்டிற் பயன் தந்த மருந்து இந்நாட்டு மண்ணிலும் வெயிலிலும் பயன் தரும் என்பது உறுதியன்று. ஆகவே, நெல்லுக்குரியவை, மரக்கறிக்குரியவை எனப் பிரித்து, இந்நாட்டிலேயே பயிரில் இட்டுச் சோதிக்கப்படுகின்றன. போத்தலிற் குறிக்கப்படும் அளவு இச்சோதனையின் பயனேயாகும்.

மூன்றாவது, சுட்டுத்துண்டு. போத்தலில் ஒட்டப்படும் சுட்டுத்துண்டு சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அமைதல் வேண்டும். எப்பயிருக்கு, எப்பீடைக்கு, எவ்வளவு நீரில் எவ்வளவு மருந்து, தெளித்தபின் அறுவடைக்கு எத்தனை நாள் பொறுத்தல் வேண்டும், நஞ்சூட்டம் நேரின் செய்யவேண்டிய முதலுதவி யாது என்பன அதிற் கூறப்படல் வேண்டும். அதன் வாசகத்தைப் பதிவாளர் முன்னதாகவே பார்வையிட்டு ஒப்புதல் தருவார்.

நான்காவது, பதிவு. தகுதியுடையதெனக் காணப்பட்ட மருந்துக்குப் பதிவிலக்கம் வழங்கப்படும். பதிவு என்றென்றைக்கும் உரியதன்று. குறித்த காலத்துக்கே செல்லுபடியாகும். புதிய கேடுகள் தெரியவரின் பதிவாளர் அதனை நீக்கவும் கூடும்.

ஐந்தாவது, இறக்குமதி உத்தரவுப்பத்திரம். பதிவு பெற்ற பின்னரும் விரும்பியவாறு கொண்டுவருதல் இயலாது. 1969-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவாளரின் ஒப்புதலுடன், இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டாளரிடம் உத்தரவுப்பத்திரம் பெறுதல் வேண்டும்.

ஆறாவது, துறைமுகம். சுங்கப் பகுதியினர் பத்திரங்களையும் சரக்கினையும் ஒப்பிட்டுப் பார்ப்பர். ஐயத்துக்கிடமான சரக்கின் மாதிரி சோதனைக்கு அனுப்பப்படும்.

ஏழாவது, விற்பனை. பயிற்சியும் அனுமதியும் பெற்ற விற்பனையாளரே மருந்தினை விற்கலாம். முத்திரையிட்ட மூலப் பொதியிலேயே விற்றல் வேண்டும். சிறு போத்தல்களிற் பிரித்து ஊற்றி விற்றலும், உணவுப் பண்டங்களோடு சேர்த்து வைத்தலும் தகா.

இவ்வேழு வாயில்களுள் ஒன்றையேனும் கடவாது கரையில் இறங்கும் போத்தலைப் பற்றி, அதன் மேல் எழுதப்பட்டிருப்பதைத் தவிர, எவரும் எதனையும் உறுதியாகக் கூறல் இயலாது.

நாடுகளுக்கிடையேயான உடன்படிக்கைகள்

ஒரு நாடு தன் எல்லையை மட்டும் காத்தல் போதாது. முன்னேறிய நாடுகளில் விலக்கப்பட்ட நஞ்சுகள் ஏழை நாடுகளுக்கு அனுப்பப்பட்ட காலமொன்று இருந்தது. இதனைத் தடுக்கும்பொருட்டு, உணவு விவசாய நிறுவனம் 1985-ஆம் ஆண்டிற் பீடைகொல்லிகளின் வழங்கலுக்கும் பயன்பாட்டுக்கும் நன்னடத்தைக் கோவையொன்றை வகுத்தது. பின்னர், 1998-ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் 10-ஆம் நாள் ரொட்டர்டாம் உடன்படிக்கை நிறைவேறியது. 2004-ஆம் ஆண்டிற் செயலுக்கு வந்தது. இலங்கை 2006-ஆம் ஆண்டில் அதிற் சேர்ந்தது.

இவ்வுடன்படிக்கையின் சாரம் முன்னறிந்த சம்மதம் என்பதாகும். பட்டியலிற் சேர்க்கப்பட்ட கொடிய இரசாயனப் பொருள் ஒவ்வொன்றையும் ஏற்பதா, மறுப்பதா, நிபந்தனையுடன் ஏற்பதா என்பதை இறக்குமதி செய்யும் நாடு முன்கூட்டியே அறிவிக்கின்றது. ஏற்றுமதி செய்யும் நாடு அவ்வறிவிப்பை மதித்துத் தன் வணிகரைக் கட்டுப்படுத்துதல் வேண்டும். பட்டியல் காலந்தோறும் வளர்கின்றது. 2025-ஆம் ஆண்டிலும் கார்போசல்பன் அதிற் சேர்க்கப்பட்டது. பட்டியலிற் சேர்ந்தமையால் மட்டும் ஒரு பொருள் உலகெங்கும் தடைப்பட்டதாகக் கொள்ளலாகாது. ஏற்கவோ மறுக்கவோ ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ள உரிமையே இதனால் உறுதிப்படுகின்றது.

2001-ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையோ இன்னும் கடுமையானது. மண்ணிலும் உடற்கொழுப்பிலும் பல்லாண்டு அழியாது நிற்கும் டீ.டீ.ரீ., அல்டிரின், டில்டிரின் முதலிய பொருள்களை ஒழித்தலும் கட்டுப்படுத்தலும் அதன் நோக்கமாகும். இலங்கை அதனையும் 2005-ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது.

இரவில் வரும் வள்ளத்துக்கு இவ்வுடன்படிக்கைகள் யாவும் பொருளற்றவை. கடத்தல் பெருகுமிடத்து, ஏற்கவோ மறுக்கவோ நாடு பெற்ற உரிமை கரையோரத்திலேயே பறிபோகின்றது.

விலக்கப்பட்ட நஞ்சுகளும் காக்கப்பட்ட உயிர்களும்

இறக்குமதி விதிகளால் விளைந்த நன்மையை இலங்கையின் வரலாறே காட்டுகின்றது. 1995-ஆம் ஆண்டில் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் வீதம் தற்கொலை செய்து மாண்டனர். அது உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாகும். அவருட் பெரும்பாலோர் வீட்டில் இருந்த பீடைகொல்லியை ஒரு கணக் கோபத்தில் அல்லது துயரத்தில் அருந்தியவர்களாவர். கோபம் தணியுமுன் நஞ்சு தன் வேலையை முடித்துவிட்டது.

பரதியன் 1984-ஆம் ஆண்டில் விலக்கப்பட்டது. மொனோகுரோட்டோபசு, மெதாமிடோபசு ஆகியவை 1995-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டன. அத்துடன், உலக சுகாதார நிறுவனம் முதலாம் வகுப்பிற் சேர்த்த கொடிய நஞ்சுகள் பயிருக்கு வருவது முடிவுற்றது. 1998-ஆம் ஆண்டில் என்டோசல்பனும் விலக்கப்பட்டது. பத்தாண்டுகளுள் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. 1995 முதல் 2015 வரையான இருபதாண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் இவ்விதிகளாற் காக்கப்பட்டன என ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர்.

எலிகளிற் செய்யும் சோதனையைக் கொண்டு வகுப்புப் பிரித்தல் போதாது என்பதும் இந்நாட்டிலேயே தெளிவாயிற்று. அனுராதபுரம், பொலநறுவை ஆகிய இரு மருத்துவமனைகளில் 2002 முதல் 2008 வரை நஞ்சருந்திச் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 9,300 நோயாளரை மருத்துவர் ஆராய்ந்தனர். பரகுவாட்டு என்னும் களைகொல்லியை அருந்தியவருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஒரே வகுப்பைச் சேர்ந்த குளோர்பைரிபசு அருந்தியவருள் இறந்தோர் நூற்றுக்கு எட்டளவினரே. பரகுவாட்டு நுரையீரலை அழிப்பது. அதற்கு மாற்று மருந்து இல்லை. ஆகவே, 2008-ஆம் ஆண்டு தொடங்கிப் பரகுவாட்டு, டைமெதோயேற்று, பென்தியன் ஆகியவை படிப்படியாக விலக்கப்பட்டன.

இவை போயின் விளைவு குறையுமே என்று கமக்காரர் அஞ்சியது இயல்பே. ஆயின், 1990-களில் நிகழ்ந்த தடைகளால் நாட்டின் நெல் விளைவோ மரக்கறி விளைவோ குறையவில்லை என்பதை 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. ஒரு நஞ்சு போயினும், தீங்கு குறைந்த வேறொன்றும், வேறு முறைகளும் கமக்காரர் கையில் இருந்தமையே அதற்குக் காரணம்.

விதிகள் தடுமாறிய காலம்

எல்லாத் தடைகளும் இவ்வாறு நன்கு அமைந்தன என்று கூறுதற்கில்லை. கிளைபோசேற்று என்னும் களைகொல்லி 2015-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் தடுக்கப்பட்டது. 2018-ஆம் ஆண்டிற் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. இதற்கிடையில், 2021-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால் இரசாயன உரங்களும் விவசாய இரசாயனங்களும் ஒருசேர இறக்குமதிக்கு விலக்கப்பட்டன. மாற்று வழி ஆயத்தமாகுமுன் வந்த அத்தடையாற் கமக்காரர் பெரிதும் துன்புற்றனர். 2021/22 பெரும்போகத்தின் நெல் விளைவு முந்திய பெரும்போகத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்தது. அதே ஆண்டு நவெம்பர் மாதத்தில் அத்தடை விலக்கிக்கொள்ளப்பட்டது.

இக்காலத்திலேயே கடத்தற் பொருளை நாடும் பழக்கம் பலரிடத்து வேரூன்றியது. முறைப்படி கிடைக்காத பொருளைக் கள்ள வழியிற் பெற்றவர், அது முறைப்படி கிடைக்கும் காலத்தும் விலை கருதி அவ்வழியை விட்டாரிலர். ஆராய்ந்து, மாற்றினைக் காட்டி, படிப்படியாக விதிக்கப்படும் தடை உயிரைக் காக்கும். ஆயத்தமின்றி விதிக்கப்படும் தடை கடத்தலை வளர்க்கும். இவ்விரு பாடங்களும் இந்நாடு விலை கொடுத்துக் கற்றவையாம்.

நிறம் ஒன்று, பொருள் வேறு

கடல்வழி வரும் போத்தலைப் பார்த்து, "தமிழிலும் எழுதியிருக்கின்றது, நிறமும் குறித்திருக்கின்றது, பிறகென்ன?" என்று கேட்போர் உளர். இக்கேள்விக்கு விடை கூறுதல் அவசியமாகும்.

இலங்கையிற் போத்தலின் அடியிலுள்ள நிறப்பட்டை உலக சுகாதார நிறுவனத்தின் வகுப்பினை ஒட்டியது. சிவப்பு முதலாம் வகுப்பையும், மஞ்சள் இரண்டாம் வகுப்பையும், நீலம் மூன்றாம் வகுப்பையும், பச்சை அதனினும் குறைந்த நஞ்சையும் குறிக்கும். இந்தியாவிலோ சதுரத்தினுள் அமைந்த முக்கோணத்தில் நிறம் தீட்டப்படுகின்றது. அதன் அளவுகோலும் வேறு. அங்கே நீலம் என்பது, எலியின் உடல் நிறை ஒரு கிலோகிராமுக்கு 501 முதல் 5,000 மில்லிகிராம் வரை கொடுக்க இறப்பு விளைக்கும் பொருளைக் குறிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் இரண்டாம் வகுப்போ 50 முதல் 2,000 மில்லிகிராம் வரை செல்கின்றது. ஆகவே, அங்கே நீலம் பெற்ற பொருள் இங்கே மஞ்சள் பெறக்கூடும். நீலத்தைக் கண்டு தீங்கு குறைந்ததென மயங்குவோர், மஞ்சளுக்குரிய எச்சரிக்கையைக் கைவிடுகின்றனர்.

அளவு குறிக்கும் எண்ணும் இவ்வாறே மயக்கம் தரும். இலங்கையிற் கிளைபோசேற்று நூற்றுக்கு 36 என்று குறிக்கப்படுகின்றது. இந்தியாவில் நூற்றுக்கு 41 என்று குறிக்கப்படுகின்றது. முன்னது அமிலத்தின் அளவு. பின்னது உப்பின் அளவு. இரண்டும் வலுவில் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அங்கே நூற்றுக்கு 71 வலுவுடைய மணிகளாகவும் அது விற்கப்படுகின்றது. போத்தல் மூடியால் அளந்து பழகிய கை, அம்மணிகளையும் அவ்வாறே அளக்குமாயின், வேண்டிய அளவினும் மிகுதியாக வயலில் விழும். மருந்து விசிறுவோன் உடலிலும் படும்.

இவற்றுக்கும் மேலாக, கள்ள வழியில் வரும் போத்தலினுள் இருப்பது சுட்டுத்துண்டிற் கூறப்பட்டதுதானா என்பதற்கு உறுதியில்லை. நீர் கலந்ததாயின் பணம் வீண். காலம் கடந்ததாயிற் பயிர் வீண். வேறு நஞ்சாயின் உயிரே வீண். நஞ்சருந்தியவரை அல்லது நஞ்சு பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும்போது, மருத்துவர் முதலிற் கேட்பது "எந்த மருந்து?" என்பதேயாகும். பொய்ச் சுட்டுத்துண்டு அவரையும் வழி தவறச் செய்யும்.

மணலும் கிணறும்

மன்னார்த் தீவின் நிலத்தடி நன்னீர் மணலினூடே, உவர் நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கின்றது. களிமண் நஞ்சைப் பற்றி நிறுத்தும். மணலோ எளிதிற் கீழே விடும். தோட்டத்தில் மிகையாக ஊற்றப்படும் மருந்தும், கிணற்றடியிற் கழுவப்படும் தெளிகருவியின் நீரும் குடிநீரைச் சென்றடைதற்கு நெடுநாள் வேண்டா. கீரி முதலிய கரையூர்களில் ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் நம்பி வாழ்கின்றன என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

மன்னாருக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. அனோபிலிசு ஸ்டிபென்சி என்னும் மலேரியா நுளம்பு இலங்கையில் முதன்முதலாக 2016-ஆம் ஆண்டிறுதியில் மன்னார்த் தீவிலேயே கண்டறியப்பட்டது. அதற்குச் சில மாதங்களின் முன்னரே மலேரியாவற்ற நாடென இலங்கை அறிவிக்கப்பட்டிருந்தது. வயலிலும் தோட்டத்திலும் ஒரே வகை நஞ்சு கட்டுப்பாடின்றித் தெளிக்கப்படின், நுளம்புகளும் அதற்குப் பழகி எதிர்ப்பு வலுப் பெறும். முன்னாளில் மலத்தியன் பயிருக்கு விலக்கப்பட்டுச் சுகாதாரப் பகுதிக்கென ஒதுக்கப்பட்டமைக்கு இதுவே காரணம். எந்த நஞ்சு எங்கே பயன்படுகின்றது என்பதைப் பதிவாளர் அறிந்திருந்தாலன்றி இத்தகைய பாதுகாப்பு இயலாது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. மருந்தினை அனுமதி பெற்ற கடையிலேயே வாங்குதல் வேண்டும். பற்றுச்சீட்டைப் பெற்றுப் பத்திரப்படுத்தல் வேண்டும். மருந்து பயன் தராவிடின் முறையிடுதற்கு அதுவே சான்றாகும்.

2. சுட்டுத்துண்டில் இலங்கைப் பதிவிலக்கம், இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயர், ஆக்கிய நாள், முடிவு நாள் ஆகியவை உளவா என்று பார்த்தல் வேண்டும். மும்மொழியும் இல்லாத போத்தலை வாங்கலாகாது.

3. முத்திரை உடைந்ததையும், வேறு போத்தலில் ஊற்றியதையும் வாங்கலாகாது. வீட்டிலும் மருந்தினைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்தல் கூடாது.

4. குறித்த பயிருக்குக் குறித்த மருந்தையே, குறித்த அளவில் இடல் வேண்டும். நெல்லுக்குரியதை மரக்கறிக்கு இடலாகாது. இரு மருந்துகளைத் தாமாகக் கலத்தலும் ஆகாது.

5. அறுவடைக்கு முன் பொறுக்கவேண்டிய நாள்களைக் கட்டாயம் பொறுத்தல் வேண்டும். கத்தரி, வெண்டி, பயிற்றை ஆகியவை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பறிக்கப்படுவன. ஆதலின் இவ்விதி மரக்கறிச் செய்கையாளருக்கு மிக முக்கியமானது.

6. மருந்து விசிறும்போது உடல் முழுவதும் மறைக்கும் உடை, கையுறை, முகமறைப்பு ஆகியவற்றை அணிதல் வேண்டும். காற்றுக்கு எதிராக விசிறலாகாது. விசிறும்போது வெற்றிலை போடுதலும் புகைத்தலும் தகா.

7. வெறும் போத்தலை மும்முறை நீரால் அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றிப் பயன்படுத்தல் வேண்டும். பின்னர்ப் போத்தலைத் துளையிட்டுப் பயனறச் செய்தல் வேண்டும். அதில் எண்ணெயோ நீரோ வைத்தல் கேடு தரும்.

8. மருந்தைப் பூட்டிய பெட்டியில், பிள்ளைகளுக்கு எட்டாதவாறு, உணவுக்கும் படுக்கைக்கும் அப்பால் வைத்தல் வேண்டும். தேவைக்கு மேல் வாங்கிச் சேமித்தல் வேண்டா. பூட்டிய பெட்டி ஒரு கணக் கோபத்துக்கும் நஞ்சுக்கும் இடையே நிற்கும் சுவராகும்.

9. கரையில் ஒதுங்கிய அல்லது கைமாறி வந்த ஐயத்துக்குரிய பொதிகளைத் திறக்கலாகாது. புதைத்தலும், எரித்தலும், கடலிலோ கிணற்றிலோ ஊற்றுதலும் ஆகா. விவசாயப் போதனாசிரியருக்கோ, கமநல சேவை நிலையத்துக்கோ, பொலிசாருக்கோ அறிவித்தல் வேண்டும்.

தேவையறிந்து தெளித்தல்

மலிவான மருந்தைத் தேடுவதினும் மருந்தின் தேவையைக் குறைத்தல் மேலானது. கபிலநிறத் தத்தி இதற்கு நல்ல சான்றாகும். பயிரின் இளம் பருவத்திற் காரணமின்றிப் பூச்சிகொல்லி விசிறின், தத்தியை உண்ணும் சிலந்திகளும் பிற நற்பூச்சிகளும் முதலில் மடிகின்றன; எஞ்சிய தத்திகள் தடையின்றிப் பெருகிப் பயிரைக் கருக்கிவிடுகின்றன. இதனை உணர்ந்த இந்தோனேசிய அரசாங்கம் 1986-ஆம் ஆண்டில் நெல்லுக்குரிய 57 வகைப் பூச்சிகொல்லிகளை ஒரே ஆணையால் விலக்கியது.

வயலைக் கிழமைக்கொருமுறையேனும் சுற்றிப் பார்த்தல், ஒரே காலத்தில் அயல் வயல்களோடு சேர்ந்து விதைத்தல், எதிர்ப்புவலுவுள்ள இனங்களைத் தேர்தல், யூரியாவை மிகையாக இடாதிருத்தல், வயலைச் சமன் செய்து தக்க ஆழத்தில் நீர் நிறுத்திக் களையை அடக்குதல், மரக்கறித் தோட்டத்தில் தாக்குண்ட காய்களைப் பறித்து அழித்தல், பயிர்மாற்றம் செய்தல் ஆகியவை செலவு குறைந்த முறைகளாகும். இவற்றுக்குப் பின்னரும் பீடை மிகுமாயின், போதனாசிரியரின் அறிவுரைப்படி மருந்தினை நாடலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

நஞ்சூட்டம் நேரின்

மருந்து விசிறியவருக்குத் தலைச்சுற்று, வாந்தி, வியர்வை, மிகுந்த உமிழ்நீர், பார்வை மங்கல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும், உடனே வேலையை நிறுத்தி அவரை வயலினின்றும் அகற்றல் வேண்டும். நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டு நீராற் கழுவல் வேண்டும். கண்ணிற் பட்டதாயின் பதினைந்து நிமிடம் நன்னீராற் கழுவல் வேண்டும். நஞ்சருந்தியவருக்கு உப்புநீர் முதலியன கொடுத்து வாந்தியெடுக்கச் செய்தல் தீங்கு தரும். 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து நோயாளர் வண்டியைப் பெற்று மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். மருந்துப் போத்தலையும் சுட்டுத்துண்டுடன் மறவாது எடுத்துச் செல்லல் வேண்டும்.

விதிகள் யாவும் ஏட்டில் இருப்பினும், அவற்றை நிறைவேற்றுவோர் ஈற்றில் வாங்குவோரே. சுங்கப் பகுதியும் கடற்படையும் நெடுங்கரை முழுவதையும் எந்நேரமும் காத்தல் அரிது. வாங்குவோர் இல்லையாயின் கடத்துவோரும் இல்லை. கீரிக் கரையிலும் கட்டுக்கரை வயலிலும் வாழும் கமக்காரர், பதிவிலக்கம் இல்லாத போத்தலை மறுப்பதன் மூலம் தம் பயிரையும் கிணற்றையும் குடும்பத்தையும் ஒருங்கே காத்தவராவர்.